ஆடாதண்ணனும் பொட்டு வைத்த பெக்ஸும்

இந்த மலைநாட்டில் காற்றைப் பார்த்து "ஆடாதே!" என்று அதட்டியவர் ஒரே ஒருவர்தான். அந்த அதட்டலுக்குக் காற்று அடங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துக்கு வந்து விசாரிக்கலாம். பார்த்த சாட்சிகள் இன்னும் சிலர் உசிரோடு இருக்கிறார்கள்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் பெண்சாதி ராக்காயி மதினிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மதினி புருசன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். வாக்குப்போடப் போன இடத்தில்கூட, புருசன் பெயரைக் கேட்ட ஆபீசரிடம், "அந்தா நிக்கிறாருல்ல, அவருகிட்டயே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள். ஆகவே எங்களுக்கு அவர் ஆடாதண்ணன். அவ்வளவுதான்.

அவர் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆக்குகிற தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவர். நாங்கள் மலையில் பறித்துக் கொட்டுகிற கொழுந்தை அங்கே நீளத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். வாடியது போதுமா என்று பார்க்க ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவார். உருண்டை கலையாமல் நின்றால் வாடிவிட்டது. கலைந்தால் இல்லை. வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. ரொட்டி மாவைப் பிடித்துப் பார்ப்பார். கொடியில் கிடக்கிற சீலையைப் பிடித்துப் பார்ப்பார். ஒரு தடவை கோயில் பூசாரியின் குடுமியைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் வாடல சாமி, நல்லா தொவட்டுங்க" என்று சொன்னதாகப் பேச்சு. நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

இப்படிப்பட்ட மனுசன் கையில்தான், கொழும்பில் போன் கடையில் வேலை செய்கிற அவர் மகன், படம் பிடிக்கிற கைபோன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். ரெண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்த முதல் கைபோன் அது. மகன் அதற்குள் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தான். பேப்பரைப் படம் பிடித்து, எந்த ஆபீசுக்கு வேண்டுமோ அந்த ஆபீசின் பெக்ஸ் நம்பரைத் தட்டினால், அங்கே இருக்கிற மெசினில் அது காகிதமாக வந்து விழுமாம்.

அதற்கு முன்னால், தொண்ணூறுகளில், பெக்ஸ் என்றால் ஹட்டன் டவுனுக்குப் போய் கொமியூனிகேசன் கடையில் நிற்க வேண்டும். பேப்பரை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நசுங்கி, மழையில் நனைந்து போவோம். கடைக்காரத் தம்பி அதை மெசினுக்குள் விடுவான். ஈரப் பேப்பரை மெசின் வெற்றிலை மாதிரி மென்று துப்பும். அதை நீவி எடுத்துக்கொண்டு திரும்பி வருவோம். அது கொழும்புக்குப் போனதா, மெசின் வயிற்றுக்குள் போனதா என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஆனாலும் அங்கே ஒரு மெசின் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கைபோனில் அதுவும் இல்லை.

"அண்ணே, பேப்பரு இங்கதான இருக்கு. அப்ப அங்க போனது எது?" என்று நான் கேட்டேன்.

"அதோட மொகம் போயிருச்சு தங்கச்சி."

"மொகம் போயிருந்தா இது மொகமில்லாம மொட்டையால்ல கெடக்கணும்?"

"மொகமின்னா, மொகத்தோட போட்டோ."

"போட்டோ போனுக்குள்ளயே இருக்குன்னு இப்பத்தான காட்டுனீங்க?"

"ஆடாதீங்க!" என்றார். பதில் தெரியாத இடத்திலும் அவர் அதைத்தான் சொல்வார்.

நான் ரெண்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எனக்கு விளங்காததில் வெட்கம் இல்லை. படித்தவர்கள் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கும் விளங்கவில்லை என்பதை மட்டும் நன்றாக விளங்கிக்கொண்டேன்.

போனில் பெக்ஸ் அனுப்புவது ஒரு நிமிச வேலை. ஆனால் பேப்பரை அதற்குத் தயார் பண்ணுவது, ஆடாதண்ணன் வீட்டில், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. பேப்பர் வந்ததும் முதலில் பிடி. ஒரு மூலையை விரலுக்குள் வைத்து அமுக்கி, காதுப்பக்கம் கொண்டுபோய் உதறி, பிறகு முகர்ந்தும் பார்ப்பார். எங்கள் ஊரில் சட்டியில் வைத்த உப்பே தண்ணியாகிவிடும், பேப்பர் எம்மாத்திரம்? "வாடல" என்பார். அடுப்புக்கு எட்டத்தில், புகை படாத பக்கமாகக் கயிறு கட்டி, அதில் தொங்க விடுவார். வாடினதும் கரிப்பெட்டியில் தணல் போட்டு, பேப்பருக்கு மேலே வெள்ளைத் துணி விரித்து, மடிப்பு மடிப்பாகத் தேய்ப்பார்.

ராக்காயி மதினி வாசலில் நின்று கத்துவாள். "என் சீலைய ஒரு நாளைக்காவது தேச்சுக் குடுத்திருக்கா அந்தக் கையி? ஊரான் வீட்டு மரணச் சட்டிபிக்கேட்ட என்னமா தேய்க்குது பாருங்க!"

"மரணச் சட்டிபிக்கேட்டு எதுத்துப் பேசாதுடி" என்பார் உள்ளே இருந்து.

தேய்த்த பிறகு வெளியே. தன்னுடைய வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, அதன் நடுவில் பேப்பரைப் போட்டு, ஆற்றில் பொறுக்கிக் கழுவி வைத்திருக்கும் நாலு கூழாங்கற்களை மூலைக்கு ஒன்றாக வைப்பார். பிறகு ஒரு முக்காலி மேல் ஏறி நேர் மேலே இருந்து பார்ப்பார். எல்லாரும் வெயிலுக்குக் காத்திருப்பார்கள். இவர் வெயில் வந்தால் போனை மூடிவிடுவார். "வெயிலு பேப்பருல பல்ல காட்டும். பனி மூட்ட வெளிச்சந்தான் தங்கம். நெழலே விழாது" என்பார். பனி இறங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம்: "ஆடாதீங்க!" பேப்பர் வைத்திருப்பவர், வேடிக்கை பார்ப்பவர், தண்ணிப் பீலிக்குக் குடத்தோடு போகிறவர் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கோழிகள்கூட அவர் குரலுக்கு ஒரு காலைத் தூக்கியபடி நின்றன என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கோழிக்கு இருந்த மரியாதை உங்களுக்கு இல்லை.

ஒரு தடவை தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டு எழுதியிருந்த விண்ணப்பத்தை அவசரமாக அனுப்ப வேண்டும் என்றார்.

"வாடட்டும் மாஸ்டர்" என்றார் ஆடாதண்ணன்.

"என்னண்ணை பகிடி விடுறியள்? கடுதாசி என்ன கீரையே, வாடுறதுக்கு?"

"பச்சைப் பேப்பர அனுப்புனா அங்க சுருண்டுதான் விழும்."

"ஐயோ, நீங்கள் அனுப்புறது படத்தை எல்லே? படம் எப்பிடியண்ணை ஈரமாகும்?"

கேள்வி நியாயமான கேள்விதான். கூட்டத்தில் எல்லாரும் ஆடாதண்ணனைப் பார்த்தோம். அவர் முக்காலி மேல் நின்றபடி போனை நேராகப் பிடித்தார். பிறகு, "மாஸ்டர், ஆடாதீங்க" என்றார். மாஸ்டர் பொறுமை கெட்டுப்போய் எட்டிப் பார்த்த நேரத்தில், பனி விலகி வெயில் வந்து, அவர் தலையின் நிழல் பேப்பரில் விழ, அண்ணன் கை தவறி அந்தப் படமே பெக்ஸில் போய்விட்டது. மேலிடத்திலிருந்து வந்த பதிலில், "உங்கள் விண்ணப்பத்தில் பூசணிக்காய் போன்ற கரும் உருவம் ஒன்று உள்ளது, விளக்கம் தரவும்" என்று இருந்ததாம். மாஸ்டர் அதற்கப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ரொம்பக் காலம் இருந்தார். நல்ல மனுசன். போகாதது எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதாகப் போய்விட்டது.

ஆனால் ஆடாதண்ணனுக்குப் பெரிய எதிரி மாஸ்டர் இல்லை, மழையும் இல்லை. மஞ்சளும் குங்குமமும்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம். நல்ல காரியத்துக்குப் போகிற கடுதாசி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒரு குங்குமப் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் அனுப்புவோம். கலியாணப் பத்திரிகைக்கு மட்டும் இல்லை, வேலைக்குப் போடுகிற விண்ணப்பத்துக்கும் அதுதான். எங்கள் அம்மா காலத்தில் இருந்து அப்படித்தான். போகிற பிள்ளைக்கு நெற்றியில் வைத்து அனுப்புகிறோம், போகிற பேப்பருக்கு வைக்காமல் விடலாமா?

ஆடாதண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "கொழும்பு மெசினுக்கு மஞ்சளுந் தெரியாது, செவப்புந் தெரியாது. அதுக்கு எல்லாமே கறுப்புத்தான். நீங்க மங்களமா வக்கிறது அங்க போயி தார் கொட்டுன மாதிரி விழுது!"

அதற்கு அவர் காட்டுகிற உதாரணம் எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா. வேலையிலிருந்து நின்ற ஐயாவுக்கு ஓய்வுப் பணம் சம்பந்தமாகப் படம் ஒட்டிய பேப்பர் ஒன்றை அனுப்ப வேண்டி வந்தது. அவர் வீட்டம்மா பக்தியில், படத்திலேயே ஐயாவின் நெற்றிக்கு நடுவில் நல்ல தடிப்பாகக் குங்குமம் வைத்துவிட்டார். ஆடாதண்ணன் சொல்லிப் பார்த்தார், அந்த அம்மா கேட்கவில்லை. அனுப்பி அரைமணியில் ஆபீசிலிருந்து போன் வந்தது.

"இந்தப் படத்தில் இருக்கிறவருக்கு நெத்தியில ஓட்டை இருக்கே, ஆள் இருக்காரா?"

"இருக்காரு சார். பக்கத்துலதான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"ஓட்டையோடயா?"

ஐயாவை நேரில் வரச்சொல்லி, நெற்றியைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்களாம். அதிலிருந்து ஆடாதண்ணன் வீட்டு வாசலில் கரிக்கட்டையால் எழுதி வைத்தார்: பொட்டு வைத்த பேப்பர் வாங்கப்படாது. அதை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். நம்மிடமா?

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மகள் கமலா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். போன வீடு சரியில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, போனும் பேசவிடாமல் வைத்திருந்தார்கள். ஒரு நாள் எப்படியோ தப்பி நம்முடைய நாட்டுத் தூதரகத்தில் போய் விழுந்துவிட்டாள். அவளைப் போல அங்கே நிறையப் பிள்ளைகள் முகாமில் இருந்தார்கள். அந்தச் செய்தி வந்ததில் இருந்து நான் சோற்றைப் பிசைவேன், எழுந்து விடுவேன். மற்றவர்களிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மலையில் வழக்கம்போல் கூடை நிறைத்தேன். அழுதால் யாருக்கு லாபம்?

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களைக் கவனிக்கிற கொழும்பு ஆபீசில் எங்களுக்கென்று இருந்த நம்பர் ஆடாதண்ணன் போன் நம்பர்தான். லயத்துக்கே அதுதான் நம்பர். ஒரு காலையில் அவர் மலைக்கே ஓடி வந்தார். கையில் போன், காலில் செருப்பு இல்லை, அட்டை கடித்து ரெண்டு காலிலும் ரத்தம்.

"தங்கச்சி! கமலாவ அனுப்பப் போறாங்களாம்! இன்னிக்கு ஆபீசு மூடுறதுக்குள்ள அவ பொறப்புச் சட்டிபிக்கேட்டும் ஐடெண்டிக்காட்டுக் கொப்பியும் பெக்ஸுல வரணுமாம். வந்தா இந்தப் பிளேனுல பேரு. இல்லாட்டி அடுத்த கூட்டம் எப்பன்னு அவங்களுக்கே தெரியாதாம்!"

கூடையைக் கங்காணி காலடியில் வைத்துவிட்டு இறங்கினேன். அன்றைக்கென்று விடாத மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து கொழும்பு ரோடு அடைத்துக் கிடந்தது. கரண்டும் இல்லை. டிக்கோயாவிலும் ஹட்டனிலும் கடை மெசின்கள் செத்துக் கிடந்தன. இருந்தது ஆடாதண்ணன் போன் ஒன்றுதான். அதிலும் பேட்டரி கடைசிக் கோட்டில் நின்றது. குளிரில் அது இறங்கிவிடும் என்று அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோழி அடைகாக்கிற மாதிரி தோளைச் சாய்த்துத்தான் நடந்தார்.

நான் என் காம்பரா அறைக்குப் போய், மாரியம்மன் படத்துக்குப் பின்னால் சொப்பிங் பேக்கில் சுற்றி வைத்திருந்த ரெண்டு பேப்பரையும் எடுத்தேன். என் பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். குங்குமத்தை நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, ரெண்டு பேப்பரிலும் வலப்பக்க மேல் மூலையில், எழுத்தில் படாமல், ஒரே அளவாக ஒவ்வொரு பொட்டு வைத்தேன். கும்பிட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

பேப்பரைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. "தங்கச்சி, வாசல்ல எழுதியிருக்கிறது என்னா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன்.

"அன்னிக்கு எழுத்துக் கூட்டி சத்தமாப் படிச்சீங்களே?"

"மறந்துபோச்சு. அண்ணே, நான் பொட்டில்லாம எம்புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்புனவ. ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தி, விடியக்காலைல வேன்ல ஏத்திட்டான். வரும்போதாவது பொட்டோட வரட்டும்."

அதற்கும் அவர் விடவில்லை. பாண் ரொட்டி ஒரு துண்டு வாங்கி, அதன் வெள்ளையைப் பிசைந்து உருட்டி, பொட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார். பாண் சிவந்தது. பொட்டு போகவில்லை. எண்ணெய் விட்டுக் குழைத்த பொட்டு அப்படி லேசில் போகுமா? எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

"சரி, கெடக்கட்டும், மொகத்துல மரு மாதிரி" என்று சொல்லிவிட்டு, பேப்பரை விரலுக்குள் வைத்துப் பிடித்தார். "வாடல."

"அண்ணே, ஆபீசு மூடிருவான்!"

"பச்சைக் கொழுந்த அரைச்சா தேத்தண்ணி எப்பிடி இருக்கும்?"

"தேத்தண்ணிய விடுங்க! எம்புள்ள அண்ணே!"

"அதுக்குத்தான் சொல்றேன். கமலா பேப்பரு கசங்கிப் போகக்கூடாது" என்றார். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, காலில் விழவும் தோன்றியது. ராக்காயி மதினிதான் அடுப்பை ஊதி, தணல் எடுத்து, தானே கரிப்பெட்டியில் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு மதினி வாயில் ஒரு வசவு வரவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

பேப்பர் வாடி, தேய்த்து, வெளியே வேட்டி விரித்து, கல் வைத்து ஆடாதண்ணன் முக்காலியில் ஏறினார். பனி இறங்கியது. தங்கமான வெளிச்சம். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. கல்லுக்கு நடுவில் பேப்பர் வயிறு உப்பியது. அமுக்கினோம். மறுபடி உப்பியது. வேட்டி விளிம்பு படபடத்தது. பேட்டரியோ கடைசிக் கோடு. ரெண்டு பேப்பருக்கு ரெண்டு படம், அதற்கு மேல் எடுக்க முடியாது.

ஆடாதண்ணன் நிமிர்ந்தார். மலையைப் பார்த்தார். கொழுந்து வாட்டும் மாடியில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் கேட்கக் கத்திப் பழகிய குரல். அதில் அடிவயிற்றில் இருந்து எடுத்து விட்டார்:

"ஆடா...தே!"

எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை அப்படியே கொழுந்தில் வைத்தபடி நின்றார்கள். கங்காணி தூக்கிய கம்போடு நின்றார். பீலித் தண்ணியைத் தவிர ஒன்றும் அசையவில்லை. காற்றும் நின்றது. பேப்பர் சமத்தாகப் படுத்தது. டிக் என்றது. மற்றப் பேப்பரை வைத்தேன். மறுபடி டிக். அதற்கப்புறம்தான் காற்று மூச்சு விட்டது. எதிர் மலையில் கங்காணி, "எவன்டா அவன்? கையி ஏன்டி நிக்கிது, கையி?" என்று கத்துவது கேட்டது.

கரண்டு போன பிறகு சிக்னல் மொட்டைப் பாறையில் மட்டும்தான் பிடித்தது. கக்கத்தில் போனும் பின்னால் நானுமாக ஏறினார். பாறை உச்சியில் நின்று கையைத் தூக்கி, கோபுரத்துக்குக் கலசம் வைக்கிற மாதிரி போனைப் பிடித்தார். "போகுது" என்றார். "ஒண்ணு போயிருச்சு." கொஞ்ச நேரம். "ரெண்டாவதும்..." என்றார். போன் ஒரு தடவை முனகி, செத்துப்போய்விட்டது.

"போயிருச்சா அண்ணே?"

அவர் கறுத்துப்போன போனைப் பார்த்தபடி, "போயிருக்கணும்" என்றார். அவர் வாயில் அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதே இல்லை. 'ஆடாதீங்க' என்று சொல்லியிருந்தாலாவது தைரியமாக இருந்திருக்கும்.

கரண்டு வர நாட்கள் ஆகின. அது வரைக்கும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பேப்பர் ரெண்டும் என் கையில். போனது போனதா, பாதியில் எங்கேயாவது மலை இடுக்கில் சிக்கிக்கொண்டதா? ஒரு பேப்பர் போய் மற்றது போகாவிட்டால் என் பிள்ளை பாதியாகவா வருவாள்? இப்படியெல்லாம் யோசித்தேன். யோசனை எனக்கு மட்டும் இல்லை. ஆடாதண்ணன் செத்த போனை நாளைக்கு நாலு தடவை பிடித்துப் பிடித்துப் பார்த்தார், வாடிவிட்டதா என்று.

கரண்டு வந்து போன் உயிர் பிடித்ததும் ஆபீசு மிஸ்ஸே பேசினாள். ஆடாதண்ணன் போனை எனக்கும் கேட்கிற மாதிரி பிடித்தார்.

"கமலாவோட அம்மாவா? உங்க பேப்பர்ல என்ன அது, ஒரு கறுப்பு வட்டம்?"

ஆடாதண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பாறையே பிளந்திருக்கும். "பொட்டு மிஸ்" என்றேன், தலையை நிமிர்த்தி. "குங்குமப் பொட்டு."

மிஸ் சிரித்தாள். அன்றைக்கு எல்லா ஊரில் இருந்தும் பெக்ஸ் வந்து குவிந்ததாம். மெசினில் இருந்து விழுந்த பேப்பர்கள் எல்லாம் கலைந்துபோய், எந்தப் பிறப்புச் சட்டிபிக்கேட்டுக்கு எந்த ஐடெண்டிக்காட்டு என்று தெரியாமல் தலை சுற்றியதாம். கமலாக்களே நாலைந்து பேர். உங்கள் ரெண்டு பேப்பரில் மட்டும் ஒரே மூலையில் ஒரே மாதிரிப் பொட்டு இருந்தது, சேர்த்து வைத்தோம் என்றாள். சிங்கள சார் ஒருவர், "அர கலு தித தியன எக்க", அதாவது அந்தக் கறுப்புப் பொட்டு வைத்ததை, முதலில் எடு என்றாராம். "எழுத்தும் அச்சடிச்ச மாதிரித் தெளிவு. யார் அனுப்பினது?" என்று கேட்டாள்.

"எங்கண்ணன்" என்றேன்.

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், வாசலில் கரிக்கட்டையோடு குந்தியிருக்கிறார். பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார்: பொட்டு வலது மேல் மூலையில் மட்டும். மிளகு அளவு. எண்ணெய் கூடாது. வைப்பது நான்.

அதற்கப்புறம் எங்கள் லயத்தில் இருந்து போன ஒவ்வொரு பேப்பருக்கும் அவரே நெருப்புக்குச்சியால் தொட்டுப் பொட்டு வைத்தார். யாராவது மஞ்சள் தடவிக் கொண்டுவந்தால் மட்டும், "இது கலியாணப் பத்திரிகையா?" என்று பழைய சண்டையைப் பிடிப்பார். மரியாதைக்கு ஒரு சண்டை இருக்க வேண்டாமா?

கமலா வந்த நாளில் லயமே வாசலுக்கு வந்து நின்றது. பிள்ளை இளைத்துப்போய், கையில் ஒரு சின்னப் பையோடு படி ஏறி வந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் ஆடாதண்ணன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பனி நன்றாக இறங்கியிருந்தது. "இந்த வெளிச்சம் போனா வராது. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க" என்று ஏறி நின்று போனைத் தூக்கினார். "ஆடாதீங்க!"

அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் காம்பராச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆடாதண்ணன் போய்ச் சேர்ந்து இப்போது பல வருசம். வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "என்னம்மா இது, மனுசரா, பொகையா? முகமே கலங்கிக் கெடக்கே" என்று கேட்கிறார்கள். அவர் எடுத்த படங்களிலேயே கலங்கிப்போனது அது ஒன்றுதான். அன்றைக்கு நானும் என் மகளும் அவர் சொன்னபடி கல்லு மாதிரி, மூச்சுக்கூட விடாமல் நின்றோம். ஆடியது நாங்கள் இல்லை.